நாலு தலைமுறைப் பெண்கள், ஒரு சூனியப் பழி: டெல்டா நாவலுக்கு யோசனை வேண்டும்

அரசலாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குடவாசலுக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் ஒரு கற்பனைக் கிராமம். அங்கே ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறைப் பெண்களை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) ஆரம்பித்து, 1924 வெள்ளம், 1952 புயல் வழியாக எண்பதுகளில் முடிகிறது. முதல் பெண் மருத்துவச்சி. கைராசிக்காரி என்று நாலு ஊரில் பேர் வாங்கியவள். பெரிய வீட்டுக் குழந்தை ஒன்று செத்துப்போகிறது, சூனியக்காரி என்று பட்டம் கட்டிவிடுகிறார்கள். மகள், பேத்தி என்று அந்தப் பேர் ஒட்டிக்கொண்டே வருகிறது. கொள்ளுப்பேத்தி அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போகிறாள்.

முக்கால்வாசி முடித்துவிட்டேன். படித்துப் பார்த்த நண்பர்கள் முதல் அத்தியாயத்தைப் பற்றி ஒரே குரலில் "இங்கிலீஷ் படம் பார்க்கிற மாதிரி இருக்கு" என்கிறார்கள். அதில் ஊரே தீப்பந்தம் பிடித்து வந்து அவளைக் கம்பத்தில் கட்டி எரிக்கப் பார்க்கிறது. இது ஒன்று. இன்னொன்று, நாவலில் மந்திரம் உண்மையிலேயே பலிக்கலாமா, கூடாதா? இதில் மாட்டிக்கொண்டு மூன்றாம் பாகம் நகரவே மாட்டேன் என்கிறது. கறாராகச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.


களத்துமேடு எழுதியது:

முதலில் அந்தத் தீப்பந்தங்களை அணையுங்கள்.

கம்பத்தில் கட்டி எரித்ததெல்லாம் ஐரோப்பாவில் கோர்ட்டும் சட்டமும் சேர்ந்து நடத்திய வேலை. விசாரணை, வாக்குமூலம், தீர்ப்பு, எல்லாவற்றுக்கும் எழுத்து உண்டு. அமெரிக்காவில் சேலம் என்று ஓர் ஊர் (நம்ம மாம்பழ சேலம் இல்லை), 1692-ல் அங்கே நடந்ததைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கேகூட யாரையும் எரிக்கவில்லை. 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், ஒரு கிழவரைக் கல்லை ஏற்றி நசுக்கினார்கள்.

நம்ம பக்கம் நடப்பது வேறு மாதிரி. மாடு பால் மறுக்கும், பிள்ளைக்குச் சோறு இறங்காது, மருமகளுக்கு மூன்றாவது கருவும் கலையும். கோடாங்கியிடம் போவார்கள். அவன் உடுக்கையை அடித்து, "வீட்டுக்கு வடக்கே... தலைக்கு எண்ணெய் வைக்காதவ... உன் வீட்டுக் கொல்லை வழியா வந்து போறவ" என்பான். பேர் சொல்ல மாட்டான். சொல்லவே மாட்டான்! பேரைக் கேட்க வந்தவர்கள்தான் போட்டுக்கொள்வார்கள். திரும்பி வருகிற வண்டியிலேயே மாமியாரும் நாத்தனாரும் பேசி முடித்துவிடுவார்கள். உங்கள் முதல் அத்தியாயம் அந்த மாட்டு வண்டிக்குள் இருக்கிறது.

தண்டனையும் சத்தமில்லாமல்தான். நெருப்பு கொடுக்க மாட்டார்கள், குளத்தில் அவள் இறங்கும் படித்துறைக்கு மற்றவர்கள் வர மாட்டார்கள். முற்றிப் போனால் முன்பல்லை உடைப்பது உண்டு. மந்திர உச்சரிப்பு குழறிவிட்டால் பலிக்காது என்று கணக்கு. பல் போன கிழவி ஒருத்தி நாலு தலைமுறைக் கதையில் நடமாடினால் போதாதா, எதற்குத் தீ?

அப்புறம் தாது வருஷம். மற்ற ஜில்லாக்களில் ஜனங்கள் செத்து விழுந்த மாதிரி தஞ்சாவூரில் விழவில்லை. ஆற்றுப் பாசனம் காப்பாற்றியது. நெல் விலை ஏறியது, களஞ்சியம் வைத்திருந்த மிராசுக்கு அது நல்ல வருஷம். பஞ்சம் இங்கே வந்தது வெளியூர் முகங்களாக. சோறு தேடி நடந்து வந்த கூட்டம், அதோடு வாந்திபேதி. ஊருக்குள் புது முகமும் புது வியாதியும் சேர்ந்து வரும்போதுதான் பழி போட ஆள் தேடுவார்கள்.


நூலகவாசி எழுதியது:

ஐரோப்பாவை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் என்பது என் கட்சி. டெல்டாவுக்கும் அந்தக் கதைக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது, யாரும் அதிகம் தொடாதது.

1620-ல் ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்குக் கொடுத்தார். தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய அவருடைய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. அதை வாங்கிக்கொண்ட ராஜா நான்காம் கிறிஸ்டியன். அதே ராஜாதான் மூன்று வருஷம் முன்னால், 1617-ல், சூனியத்துக்கு எதிராகச் சட்டம் போட்டவர். சாத்தானோடு ஒப்பந்தம் செய்தவர்களுக்குத் தீ, கைவைத்தியம் பார்த்து மந்திரிக்கிறவர்களுக்கு நாடு கடத்தல். அதற்குப் பிறகு வழக்குகள் குவிந்தன. அவருடைய ஆட்சியில் இருந்த நார்வேயின் வடகோடி ஃபின்மார்க்கில் மட்டும் அந்த நூற்றாண்டில் 91 பேரைக் கொன்றார்கள், பெரும்பாலும் பெண்கள்.

தரங்கம்பாடிக் கோட்டையில் காவல் இருந்த ஒரு சிப்பாய் அப்படி எரிக்கப்பட்ட பெண்ணின் மகனாக இருந்தால்? அவன் காய்ச்சலில் கிடக்கும்போது அவனுக்கு வேப்பிலை போட்டுப் பார்க்க வருகிறவள் உங்கள் கதைப்பெண்ணின் முன்னோடியாக இருந்தால்? கதையை இருநூற்றைம்பது வருஷம் பின்னால் இழுக்கலாம்.

1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்குவும் பயன்படுவார். மாரியம்மன், பிடாரி, அங்காளம்மன் எல்லாரையும் பற்றி 1713-லேயே உட்கார்ந்து எழுதிவைத்தார். அது சென்னையில் அச்சானது 1867-ல்தான்.


தாளடி எழுதியது:

நூலகவாசி சொன்னது சுவாரஸ்யம்தான், மறுக்கவில்லை. ஆனால் அரசலாறு, அந்தப் பக்கமே போகாதீர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் உள்ளே வந்ததும் கதை அவனுடையதாகிவிடும். நம் கிழவி வேப்பிலையோடு ஓரமாக நிற்பாள். இதை எத்தனை சரித்திர நாவலில் பார்த்தாயிற்று.

வேண்டுமானால் கொள்ளுப்பேத்தி தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்கும்போது ஒரு பத்தி வரட்டும். அவ்வளவுதான் அதற்கு இடம்.


நாகூர்ப்புறா எழுதியது:

அரண்மனைச் சூனியம் வேண்டுமென்றால் கோபன்ஹேகன் வரை எதற்கு, நாகூர் போதும். தஞ்சாவூர் அச்சுதப்ப நாயக்கருக்குத் தீராத நோவு. எந்த வைத்தியமும் கேட்கவில்லை. ஷாகுல் ஹமீது ஆண்டவர் வந்து பார்த்து, அரண்மனை மாடத்தில் ஒரு புறா இருக்கிறது, பிடித்து வாருங்கள் என்றார். அதன் உடம்பு முழுக்க ஊசி. ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்க ராஜாவுக்கு நோவு குறைந்ததாம். தர்காவில் புறா விடுகிற வழக்கத்துக்கு எங்கள் ஊரில் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

அந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். ஊசி குத்தியது யார் என்று யாரும் தேடவில்லை. குறைந்தபட்சம் எங்கள் பாட்டி சொன்ன வடிவத்தில் அந்தக் கேள்வியே வராது. ராஜாவுக்குச் சூனியம் வைத்தால் கதை அவ்வளவு பெருந்தன்மையாக முடிகிறது. குடியானவன் வீட்டுக்கு வைத்தால்தான் ஒருத்தியின் பல் போகிறது.


தெற்குத்தெரு எழுதியது:

நான் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன்.

உங்கள் கதைச்சுருக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. முதல் பெண் மருத்துவச்சி என்கிறீர்கள். நம் பக்கத்தில் பெரிய வீடுகளுக்குப் பிரசவம் பார்த்தவர்கள் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள். அவர்களுக்கு வேலிக்கணக்கில் நிலம் கிடையாது. வருஷத்துக்கு இத்தனை மரக்கால் நெல், பிரசவத்துக்கு ஒரு புடவை, வெற்றிலை பாக்கு. எங்கள் சேரியில் எங்கள் பெண்களே ஒருத்திக்கொருத்தி பார்த்துக்கொண்டார்கள். இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் கொள்ளுப்பேத்தி தேடிப் போகிறாள் என்கிறீர்களே, எதை வைத்துத் தேடுவாள்? பத்திரம், பட்டா, ஜாதகக் கட்டு, சுமங்கலிப் பிரார்த்தனையில் சொல்கிற பேர் வரிசை, இதெல்லாம் நிலமிருந்த வீட்டில் கிடைக்கும். எங்கள் பூட்டி பேர் எங்காவது இருந்தால் அது பண்ணைக் கணக்கில் கடன் பாக்கியாகத்தான் இருக்கும்.

நீங்கள் மருத்துவச்சியின் துன்பத்தை எடுத்து, மிராசு வீட்டுப் பேத்தியின் தேடலோடு ஒட்டப்பார்க்கிறீர்களோ என்று சந்தேகம். ஒட்டாது. இரண்டு குடும்பமாகப் பிரித்துவிடுங்கள்.


வாய்தா எழுதியது:

தெற்குத்தெரு சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒரு சட்டக் குறிப்பு. கதைக்கு இதில் தீனி இருக்கிறது.

பாகம் பிரிந்த ஒருவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தால் நிலம் விதவைக்கு வரும். ஆனால் ஆயுள் வரைக்கும் அனுபவிக்கலாம், அவ்வளவுதான். அவசியம் என்று காட்டாமல் விற்க முடியாது. அவள் கண்ணை மூடியதும் புருஷன் வழி வாரிசுகளுக்குப் போய்விடும். மறுமணம் செய்தால் 1856 சட்டப்படி அன்றைக்கே போச்சு. ஆக, பங்காளி வீட்டில் ஒருவன் அவள் சாவுக்காக உட்கார்ந்திருப்பான். இருபது வயதில் விதவையானவள் எழுபது வரை இருந்தால் அவன் ஐம்பது வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கூட்டுக் குடும்ப விதவைக்கும் பங்கு என்று 1937-ல் ஒரு சட்டம் வந்தது. அது விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்று 1941-ல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் 1947-ல் தனிச் சட்டம் போட்டு நிலத்துக்கும் நீட்டியது. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு, விதவை கையில் இருக்கும் சொத்து அவளுக்கே முழுச் சொத்து என்றது. ஐம்பது வருஷம் காத்திருந்த பங்காளியின் முகத்தை நினைத்துப்பாருங்கள்.

சூனியக்காரி என்று சொன்னதால் மட்டும் எந்தக் கோர்ட்டும் நிலத்தைப் பிடுங்காது. ஆனால் ஊரே ஒதுக்கிய விதவை எத்தனை நாள் தாங்குவாள்? சொத்தில் உரிமை வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டுக் காசிக்கோ தம்பி வீட்டுக்கோ போய்விடுவாள். பழி எப்போது கிளம்பியது, பத்திரம் எப்போது பதிவானது என்று இரண்டு தேதியையும் பக்கத்தில் வைத்தாலே கொள்ளுப்பேத்தி பாதி தூரம் போய்விடுவாள்.

நிலமில்லாதவளுக்கு மனைக்கட்டு. பண்ணை நிலத்தில் குடிசை. மிராசு போ என்றால் போக வேண்டியதுதான். அதற்குப் பாதுகாப்பு 1971 குடியிருப்புச் சட்டத்தில்தான் முழுசாக வந்தது.


அரசலாறு எழுதியது:

வாய்தா சார், அந்த 1956 விஷயம் எனக்குப் புதையல். மூன்றாம் பாகம் ஏன் நகரவில்லை என்று இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது.

தெற்குத்தெரு, நீங்கள் சொன்னது உறைத்தது. இரண்டு குடும்பமாகப் பிரித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். பெரிய வீட்டில் ஒரு விதவை. கொல்லைப்புறம் வழியாக வந்துபோகிற மருத்துவச்சி. பழி முதலில் விதவைமேல்தான் கிளம்புகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள்...


தெற்குத்தெரு எழுதியது:

ஆமாம். அவள் மருத்துவச்சியைக் கை காட்டுகிறாள். அதை எழுதுங்கள். கை காட்டியவளின் பேத்தி தேடிப் போகட்டும். தேடிப் போய் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு அவள் என்ன செய்கிறாள், அதுதான் எனக்குப் படிக்க வேண்டும். மருத்துவச்சியின் பேத்தி வீட்டு வாசலில் போய் நின்று அழுது மன்னிப்பு கேட்டு இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டால் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடுவேன்.


நேர்ப்பேச்சு எழுதியது:

நண்பர்களே, இவ்வளவு தூரம் பேசிவிட்டு இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. மந்திரம் பலிக்கலாமா? கூடாது. கறுப்புச் சட்டையும் செங்கொடியும் நடந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு சூனியம் பலித்தது என்று எழுதினால் அது மூடநம்பிக்கைக்குத் தூபம். இன்றைக்கும் ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா பக்கம் இந்தப் பழியைச் சொல்லிப் பெண்களைக் கொல்கிறார்கள். பீகாரில் 1999-ல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது, அடுத்தடுத்து மற்ற மாநிலங்களும் போட்டன. நாவலாசிரியருக்குப் பொறுப்பு உண்டு.

1952-க்கு நீங்கள் புயலை மட்டும் சொல்கிறீர்கள். அதே வருஷம்தான் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும். மணலூர் மணியம்மை முடியைக் கத்தரித்து, வேட்டி சட்டை போட்டு, கூலி விவசாயிகளுக்காக ஊர் ஊராகப் போன காலம். அப்படி ஒரு பெண்ணை நேரில் பார்த்தால் உங்கள் மூன்றாம் தலைமுறைக்காரிக்கு என்ன தோன்றும்? புயலைவிட அது பெரிது.


நூலகவாசி எழுதியது:

பொறுப்பு சரி. ஆனால் இந்த மண்ணில் பெண்ணும் மந்திரமும் சேர்ந்த முதல் தலைமுறைக் கதையே புகாரில்தானே நடக்கிறது? சித்திராபதி, மாதவி, மணிமேகலை. பாட்டி, மகள், பேத்தி. பேத்திக்கு மூன்று மந்திரம் கிடைக்கிறது, வேற்று உருவம் எடுக்க, வானில் போக, பசியைத் தாங்க. உதயகுமாரன் துரத்தலிலிருந்து தப்ப ஆனைத்தீ என்கிற தீராப் பசி நோய்க்காரி காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். மந்திரம் அங்கே சந்தேகமில்லாமல் பலிக்கிறது. அதனால் எந்த மூடநம்பிக்கை வளர்ந்தது? பலித்த மந்திரத்தால் வருகிற கொலையையும் சாத்தனார் மறைக்கவில்லை.


நேர்ப்பேச்சு எழுதியது:

அது காப்பியம் சார். உங்கள் கதாபாத்திரத்துக்கு ரேஷன் கார்டு உண்டு.


களத்துமேடு எழுதியது:

ரேஷன் கார்டு வைத்துக்கொண்டுதான் அய்யாவாடி பிரத்யங்கிராவுக்கு அமாவாசை தோறும் மிளகாய் வத்தல் யாகத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். திருபுவனம் சரபேஸ்வரரிடம் "செய்வினை தீர" என்று அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பட்டதாரிகள். வலங்கைமானில் பங்குனியில் பாடைக்காவடி பார்த்திருக்கிறீர்களா? சாகக் கிடந்து பிழைத்தவரைப் பாடையில் படுக்கவைத்து, பிணம் மாதிரியே கட்டி, கொள்ளிச்சட்டியோடு கோயிலைச் சுற்றித் தூக்கி வருவார்கள். அந்தப் பாடையில் படுத்திருப்பவரிடம் போய் உங்கள் பொறுப்பைச் சொல்லுங்கள்.

நாவலில் பலிக்கிறதா இல்லையா என்று நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டாம். எந்த தலைமுறைக்காரி பார்க்கிறாளோ அவள் கண்ணில் என்ன தெரிகிறதோ அதை எழுதுங்கள்.


முன்னாள்_செவிலி எழுதியது:

இங்கே நான் எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. திருவாரூர் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள்.

அரசலாறு அம்மா, உங்கள் கதையில் அந்தக் குழந்தை எத்தனையாவது நாள் செத்தது? எப்படிச் செத்தது? இவ்வளவு பெரிய நாவலுக்கே ஆணிவேர் அந்தச் சாவு, அதை "செத்துப்போகிறது" என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள்.

ஏழாம் நாள் என்று வையுங்கள். பிறந்ததும் நன்றாக அழுத பிள்ளை. இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை. அப்புறம் ஒரு விடிகாலை மார்பைப் பிடிக்காது. தாய் விரலை வைத்துப் பார்த்தால் தாடை இறுகியிருக்கும். உதடு இரண்டு பக்கமும் இழுத்து, சிரிக்கிற மாதிரி இருக்கும், அழுகைச் சத்தம் வராது. விளக்கைக் கிட்டே கொண்டுபோனால், கதவு பட்டென்று சாத்திக்கொண்டால், உடம்பு விறைத்துப் பின்பக்கமாக வில்லாய் வளையும். தொட்டாலும் வளையும். அம்மா தொட்டாலும். இதை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் யாரோ ஏவி விட்டது என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்?

அது ரண ஜன்னி, டெட்டனஸ். மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் இருக்கிற கிருமி. தொப்புள்கொடி அறுத்த அரிவாள் வழியாகப் போகும், இல்லை, அறுத்த இடத்தில் வைத்த சாணிச் சாம்பல் வழியாகப் போகும். டெல்டாவில் எந்த வீட்டு அரிவாள் வயலுக்குப் போகாத அரிவாள்?

இப்போது சொல்லுங்கள். உங்கள் மருத்துவச்சி நல்லவள், யாருக்கும் கெடுதல் நினைக்காதவள். நீங்கள் அவளைக் குற்றமே இல்லாதவளாக எழுதியிருப்பீர்கள். ஆனால் அந்தப் பிள்ளை அவள் கையால்தான் செத்திருக்கும். நிறைய பிரசவம் பார்க்கிறவள் கையில்தான் நிறைய பிள்ளையும் போகும். ஒரே வீட்டில் மூன்று பிள்ளை ஏழாம் நாள் போனால், "ஏன் இந்த வீட்டில் மட்டும், ஏன் இவள் வந்தால் மட்டும்" என்று கேட்ட மாமியார் முட்டாள் இல்லை. பார்த்தது சரி. காரணத்தைத்தான் வேறு இடத்தில் தேடினார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பகுதியில் வயதான மருத்துவச்சி ஒருவர் இருந்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் அவர்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்தோம். ஐந்து சுத்தம் என்று சொல்லிக் கொடுப்போம்: கை, படுக்கிற இடம், பிளேடு, கட்டுகிற நூல், அறுத்த இடம். புது பிளேடு, நூல், சோப்பு வைத்த பொட்டலம் ஆளுக்கு ஒன்று. எல்லாம் கேட்டு முடித்து எல்லோரும் எழுந்து போன பிறகு அந்த அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, அப்ப இதுக்கு முன்னாடி போனதெல்லாம்?" என்று கேட்டார். எனக்கு இருபத்திரண்டு வயது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. பொட்டலத்தைக் கொடுத்து, நோட்டில் கைநாட்டு வைக்கச் சொன்னேன்.

உங்கள் நான்காம் தலைமுறை எண்பதுகளில் வருகிறது. கர்ப்பிணிகளுக்கு ரண ஜன்னி ஊசி ஊர் ஊராகப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. 2015-ல் பச்சிளம் குழந்தை ரண ஜன்னியை நாட்டிலேயே ஒழித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். ஆக, கொள்ளுப்பேத்திக்குக் காரணம் தெரியும். முதல் மூன்று பேருக்கும் தெரியாது.


நேர்ப்பேச்சு எழுதியது:

அம்மா, என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. பலிக்கவும் இல்லை, பொய்யும் இல்லை.

ஒரே ஒரு பயம். வாசகர் "ஆக அவள் கொன்றாள்தானே" என்று மூடிவைத்துவிட்டால்? பல்லை உடைத்தவர்களுக்கு நியாயம் கிடைத்துவிடுமே.


முன்னாள்_செவிலி எழுதியது:

நியாயம் கிடைக்காது தம்பி. பல்லை உடைத்த மறு மாதம் அதே வீட்டுக்குப் பிரசவம் பார்க்க யாரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அவளைத்தான். வேறு ஆள் ஏது.


சிராங்கூன்வாசி எழுதியது:

செவிலி அம்மா எழுதியதை நாலு முறை படித்தேன். எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். இங்கே சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் பெரியாச்சி சன்னதி உண்டு. பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் முதல் முதலாக வெளியே தூக்கிக்கொண்டு போவது அங்கேதான். என் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோயிருக்கிறோம்.

அந்தச் சிலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மடியில் ஒருத்தியைக் கிடத்தி வயிற்றைக் கிழித்துக் குடலை உருவிக்கொண்டிருப்பாள். காலடியில் ராஜா. ஒரு கையில் தூக்கிப் பிடித்த பச்சைக் குழந்தை. கதைப்படி அவள் மருத்துவச்சி. பிள்ளை தரையில் பட்டால் உலகத்துக்கு ஆபத்து என்று பிரசவம் பார்க்கக் கூப்பிடுகிறான் கொடுங்கோல் ராஜா. பார்த்து முடித்ததும் கூலி கொடுக்காமல் ஏமாற்றப் பார்க்கிறான். அவள் உக்கிரமெடுத்துவிடுகிறாள். இதைவிடப் பயங்கரமான உருவம் எங்கள் கோயிலில் கிடையாது, அவளிடம்தான் பச்சைப் பிள்ளையைக் கொடுக்கிறோம்.

தஞ்சாவூர், நாகை பக்கம் ஊருக்கு ஊர் அம்மன் கோயில் ஓரத்தில் பெரியாச்சி இருப்பாள். உங்கள் கதையில் எங்கேயும் இல்லையே, ஏன்?


தாளடி எழுதியது:

அதானே! இத்தனை பேர் பேசி, இவளைச் சொல்ல சிங்கப்பூரிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

இரண்டாம் தலைமுறை மகளைக் கப்பலேற்றி அனுப்பலாமே. 1924 வெள்ளத்துக்குப் பிறகு ஊரில் வேலை ஏது, பட்டமும் தலையில். மலாயா தோட்டத்துக்கு ஆள் எடுக்கிற கங்காணி கேள்வி கேட்கவா போகிறான். கூலியாட்களை அனுப்புவதை 1938-ல் நிறுத்துகிற வரை வழி திறந்துதான் இருந்தது. அங்கே லயத்தில், தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளில், போய்ப் பிரசவம் பார்ப்பாள். சூனியக்காரி என்று யாருக்கும் தெரியாது. பட்டத்திலிருந்து தப்பிவிட்டாள், அரிவாளிலிருந்து தப்பவில்லை.


தெற்குத்தெரு எழுதியது:

நல்ல யோசனை. கப்பல் ஏறியவர்களில் எங்கள் ஆட்கள்தான் அதிகம், அதனால் லயத்தில் அவள் யார் வீட்டுப் பிள்ளையை எடுக்கிறாள், யார் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடல் தாண்டியதும் எல்லாம் மறைந்துவிட்ட மாதிரி எழுதக்கூடாது.


அரசலாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை. முதல் பாகத்தைக் கிழித்துப் போடப்போகிறேன். மாட்டு வண்டியில் தொடக்கம். மாமியார் மனதில் முதலில் வருகிற பேர் விதவையான ஓரகத்தியுடையது, ஏனென்றால் நாலு வேலி நிலம் அவளிடம் இருக்கிறது. வண்டி வீடு சேர்வதற்குள் பேர் மாறிவிடுகிறது. நேர்ப்பேச்சு சொன்ன 1952-ஐப் புயலோடு சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். டேனிஷ் ராஜாவுக்கு ஒரு பத்தி உண்டு, நூலகவாசி கோபிக்க வேண்டாம்.

செவிலி அம்மாவிடமும் களத்துமேட்டிடமும் இன்னும் கேட்க வேண்டியது இருக்கிறது. 1877 ஐப்பசி, ராத்திரி, அடைமழை. பெரிய வீட்டில் வலி எடுத்துவிட்டது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற மருத்துவச்சியைக் கூப்பிட யார் போவார்கள்? எதில் கடப்பார்கள்? வெளிச்சத்துக்கு என்ன?


களத்துமேடு எழுதியது:

பண்ணையாள் போவான். வீட்டு மனுஷன் போக மாட்டான், வண்டியும் கட்ட மாட்டார்கள். மேட்டூர் அணை வந்தது 1934-ல், உங்கள் ராத்திரிக்கு ரொம்பப் பிந்தி. ஐப்பசியில் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடும். மூங்கில் பாலம் இருந்த இடத்தில் பாலம் இருக்காது. வாழைமரத்தை வெட்டித் தெப்பம் கட்டுவார்கள். தலைக்குத் தாழங்குடை, சம்பங்கோரைக் கொங்காணி ஏதாவது. வெளிச்சத்துக்குப் பந்தம் நிற்காது இந்த மழையில். வீட்டுக்குள் இலுப்பெண்ணெயோ புன்னை எண்ணெயோ ஊற்றிய அகல். அவள் நுழைவது கொல்லைப்புறம் வழியாக, மாட்டுக்கொட்டிலைத் தாண்டி. அந்தக் கொட்டிலை விட்டுவிடாதீர்கள்.


முன்னாள்_செவிலி எழுதியது:

பிரசவ அறை என்று தனியாக எழுதாதீர்கள், கொல்லைத் தாழ்வாரத்தில் ஒதுக்குப்புறமாக ஒரு மறைப்பு, அவ்வளவுதான். உத்திரத்திலிருந்து கயிறு தொங்கும், அதைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து முக்குவார்கள். பிள்ளை வந்த உடனே கொடியை அறுத்துவிட மாட்டார்கள். பழைய மருத்துவச்சிகள் நஞ்சு (நஞ்சுக்கொடி) விழுகிறவரை காத்திருப்பார்கள். அது அரை மணி நேரமும் ஆகலாம். அதுவரை பிள்ளை தரையில் துணியில் கிடக்கும். அரிவாள் எங்கிருந்து வந்தது என்று எழுதுவதற்கு அந்த அரை மணி உங்களுக்குப் போதும். நஞ்சை நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்கச் சொல்லுங்கள், தலைச்சன் பிள்ளை என்றால் யாராவது தோண்டி எடுத்து மை ஆக்கிவிடுவார்கள் என்ற பயம் அப்போது எல்லா வீட்டிலும் உண்டு, குழி வெட்டும்போது மாமியாரே கூட நிற்பார். அத்தியாயம் எழுதி முடித்ததும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.